கண் மூடியும் தூங்காத தொண்டை

சினிமாவில் ஆபரேஷன் காட்சி என்றால் ஒரு மாறாத வழக்கம் உண்டு. கையில் ஊசி ஏறும், படுத்திருப்பவர் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவார், குரல் குழறும், கண் செருகும். உடனே காட்சி மாறிவிடும். அடுத்த ஷாட்டில் சர்ஜன் கையுறையோடு கத்தியைக் கேட்பார். மயக்க மருத்துவரின் முக்கியமான வேலை வெட்டப்பட்டுப்போன அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. நோயாளி தூங்கிவிட்டார், சரி. அவருடைய தொண்டை இன்னும் தூங்கவில்லை. அதே சமயம் மூச்சு தானாகப் போவது குறைந்துகொண்டே வருகிறது. மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி ஒன்றை வாய் வழியாக உள்ளே செலுத்தியாக வேண்டும்.

தொண்டை லேசில் ஏமாறாத காவல்காரன். ஒரு சோற்றுப் பருக்கை வழிதவறினால் அது என்ன ஆட்டம் ஆடும் என்று நமக்குத் தெரியும்; யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டிக்கொள்வோம். நாக்கின் அடிப்பகுதியிலும் குரல்வளையின் வாசலிலும் எதாவது பட்டால் ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து உத்தரவு திரும்பும்: ஓங்கரி, இருமு, வாயை இறுக்கு, குரல்நாண்களை மூடு. யோசிக்கும் மூளையைக் கேட்காமலேயே இதெல்லாம் நடந்துவிடும். அதனால்தான் யோசிக்கும் மூளை உறங்கிய பிறகும் இது நடக்கிறது. கடைசியாகச் சொன்ன குரல்நாண் மூடல்தான் மோசமானது. இரண்டு நாண்களும் இறுக ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகவே வழியில்லை. குழந்தைகளிடம் இது அதிகம்.

ஆக, கண்ணை மூடவைக்க ஒரு அளவு மருந்து, தொண்டையை அடங்கவைக்க அதைவிடக் கூடுதலாக ஒரு அளவு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதற்கென்றே மயக்கவியலில் ஒரு ஆராய்ச்சி வகை உருவாகியிருக்கிறது. "இந்த மருந்தை இவ்வளவு கொடுத்தால் இந்தக் கருவியை வைக்கலாம்" என்ற வகைக் கட்டுரைகள் மருத்துவ இதழ்களில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் தடித்த எழுத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அதைவிட முக்கியமாக என்ன அர்த்தம் இல்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் கருவி. மயக்கத்தின்போது மூச்சுக்குழலுக்குள்ளேயே டியூப் போடுவது பழைய வழி. அதற்கு லாரிங்கோஸ்கோப் வைத்து நாக்கைத் தூக்கி, குரல்நாண்களுக்கு நடுவே குழாயை நுழைக்க வேண்டும். 1981இல் லண்டன் வைட்சேப்பலில் வேலைபார்த்த ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்க மருத்துவர் வேறு மாதிரி யோசித்தார். முகத்தின் மேல் மாஸ்க் வைத்து அழுத்துகிறோமே, அதே மாஸ்க்கைச் சின்னதாக்கித் தொண்டைக்குள்ளே, குரல்வளையின் வாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன? பல் மருத்துவத்தில் பயன்பட்ட ஒரு மூக்கு மாஸ்க்கின் காற்றுப்பையை எடுத்துத்தான் முதல் மாதிரிகளைச் செய்தார். 1983இல் பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் கட்டுரை வந்தது. 1988இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. இதுதான் லாரிஞ்சியல் மாஸ்க். தியேட்டரில் எல்லோரும் சொல்வது எல்.எம்.ஏ. இப்போது ஐ-ஜெல் போல இதன் தம்பிகள் நிறைய. 2011இல் வெளியான பிரிட்டன் தேசியத் தணிக்கை ஒன்றின்படி, அங்கே முழு மயக்கம் கொடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு இந்த வகைக் கருவிதான் வைக்கப்பட்டது. டியூப் போட்டது 38 சதவீதம் பேருக்கு.

எல்.எம்.ஏ. வெற்றி பெற்றதில் அதன் வடிவத்துக்குப் பாதிப் பங்குதான் என்பது என் எண்ணம். மீதிப் பங்கு பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் ஒரு மருந்துக்கு. 1934இலிருந்து ஐம்பது வருடம் மயக்க ஊசி என்றாலே தயோபென்டோன்தான். அது ஆளை நொடியில் தூங்கவைக்கும், ஆனால் தொண்டையை அவ்வளவாக அடக்காது. தயோபென்டோன் மட்டும் கொடுத்துவிட்டு எல்.எம்.ஏ. வைக்கப்போனால் இருமலும் ஓங்கரிப்பும்தான் மிஞ்சும். ஐ.சி.ஐ. கம்பெனியில் இயன் கிளென் என்ற கால்நடை மருத்துவர் தலைமையில் கண்டுபிடிக்கப்பட்ட புரோபோஃபால் 1986இல் பிரிட்டனில் சந்தைக்கு வந்தது. முதலில் வேறு கரைப்பானில் கலந்து சோதித்தபோது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து, சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்த பால்மமாக மாற்றிய பிறகுதான் அது பிழைத்தது. வெள்ளை நிறம் அங்கிருந்து வந்ததுதான். இந்த மருந்துக்குத் தொண்டையையும் தாடையையும் தளர்த்தும் தன்மை கூடவே இருந்தது. இரண்டு வருடம் கழித்து மாஸ்க் கடைக்கு வந்தபோது அதற்கேற்ற மருந்து தயாராகக் காத்திருந்தது. யாரும் திட்டமிட்டுச் சேர்த்த ஜோடி இல்லை.

சரி, எவ்வளவு கொடுப்பது? பாடப்புத்தகம் பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் என்கிறது. துணை மருந்து எதுவும் இல்லாமல் எல்.எம்.ஏ. வைக்க வேண்டுமென்றால் 2.5 பக்கம் சாய வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 மில்லிகிராம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் என்பதால் 15 மில்லி. 20 மில்லி ஆம்பூலில் முக்கால் பங்கு. குறைத்துக் கொடுத்தால் மாஸ்க் பாதி வழி போனதும் நோயாளி கடிப்பார், கையைத் தூக்குவார், இருமுவார். கூட்டிக் கொடுத்தால் ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் சரியும், மூச்சு நீண்ட நேரம் நின்றுபோகும். இளைஞர் சமாளிப்பார். இதய ரத்தக் குழாயில் அடைப்போடு இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அந்தச் சரிவு ஆபத்து. எனவே 1.5 முதல் 2.5 என்ற அகலமான வேலிக்குள் துல்லியமான இடம் எது என்று தெரிந்தாக வேண்டும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இருபது பேருக்கு 1.5, இருபது பேருக்கு 1.75, இன்னும் இருபது பேருக்கு 2 என்று போனால் நூறு நூற்றைம்பது பேர் வேண்டும். அதிலும் பல பேருக்குப் பொருந்தாத அளவு என்று தெரிந்தே கொடுக்க வேண்டியிருக்கும். சமையலறையில் இருப்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி தெரியும். புதுத் தோசைக்கல்லுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு தோசை ஊற்றுகிறோம். ஒட்டிக்கொண்டு கிழிந்தால் அடுத்ததற்குத் தீயைக் கொஞ்சம் ஏற்றுகிறோம். சுத்தமாக வந்தால் அடுத்ததற்குக் கொஞ்சம் இறக்குகிறோம். பத்துப் பதினைந்து தோசையில் தீயின் குமிழ் ஒரே இடத்தைச் சுற்றி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இடம்தான் எல்லைக்கோடு.

மயக்க மருத்துவர்கள் பயன்படுத்துவது இதே 'ஏற்றி இறக்கும் முறை'தான். ஆனால் அது வந்த இடம் சமையலறையும் அல்ல, மருத்துவமனையும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் புரூஸ்டனில் ஒரு வெடிமருந்து ஆய்வுக்கூடம் இருந்தது. ஒரு வெடிமருந்து எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்று பார்க்க, அதன் மாதிரி மேல் குறிப்பிட்ட உயரத்திலிருந்து ஒரு எடையைப் போடுவார்கள். வெடித்தால் அடுத்த மாதிரிக்கு உயரத்தைக் குறைப்பார்கள், வெடிக்காவிட்டால் கூட்டுவார்கள். ஒரு மாதிரியை ஒரு முறைதான் சோதிக்க முடியும்; வெடிக்காமல் போனாலும் அடிபட்டதை மறுபடி நம்ப முடியாது. இதன் கணக்கை ஒழுங்குபடுத்தி வில்ஃப்ரிட் டிக்சன், அலெக்சாண்டர் மூட் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1948இல் கட்டுரை எழுதினார்கள். மயக்கம் கொடுக்கும் வேலையும் அதே மாதிரிதான்: ஒருவரை ஒரு முறைதான் தூங்கவைக்க முடியும், விடை ஆம் அல்லது இல்லை. வெடிமருந்துக் கணக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த கதை இது.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கற்பனையாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் நோயாளிக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஒவ்வொரு படியும் 0.25. முதலாமவர் இருமிவிட்டார், தோல்வி. இரண்டாமவருக்கு 2.25, அவரும் கையை அசைத்தார். மூன்றாமவருக்கு 2.5, மாஸ்க் வழுக்கிக்கொண்டு போனது. நான்காமவருக்கு மறுபடி 2.25, வெற்றி. ஐந்தாமவருக்கு 2, தோல்வி. ஆறாமவருக்கு 2.25, வெற்றி. இதில் தோல்வியிலிருந்து வெற்றிக்குத் தாவிய இடம் இரண்டு. 2.25க்கும் 2.5க்கும் நடுப்புள்ளி 2.375, 2க்கும் 2.25க்கும் நடுப்புள்ளி 2.125. இரண்டின் சராசரி 2.25. உண்மையான ஆய்வில் இப்படி ஆறு தாவலாவது வரும்வரை தொடர்வார்கள். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது பேருக்குள் வேலை முடிந்துவிடும். தோற்றவர்களை அப்படியே விட்டுவிட மாட்டார்கள், உடனே கூடுதல் மருந்து ஏறும். மருந்து செலுத்துபவர் வேறு, மாஸ்க் வைப்பவர் வேறு. வைப்பவர் சிரிஞ்சில் எவ்வளவு இருந்தது என்று பார்க்காமல் உள்ளே வருவார். அளவு தெரிந்தால் கை தன்னையறியாமல் தயங்கும் அல்லது துணியும்.

கிடைக்கிற 2.25 என்ற எண்ணுக்கு ஈ.டி.50 என்று பெயர். பாதிப் பேருக்கு வேலை செய்யும் அளவு. தோசைக்கல்லுக்குத் திரும்புவோம். நம் குமிழ் எந்தச் சூட்டைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது? பாதித் தோசை கிழியும் சூட்டை. எந்த ஓட்டல்காரரும் அந்தச் சூட்டில் கடை நடத்த மாட்டார். ஆனால் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படிக்கும் அவசரக்காரர் கண்ணில் படுவது இந்த எண்தான். "எல்.எம்.ஏ. வைக்க இந்த மருந்து இவ்வளவு போதும்" என்று அது வாய்வழியாகப் பரவும்போது, இரண்டில் ஒருவர் இருமுவார் என்ற பாதி காணாமல் போய்விடும்.

அப்படியானால் எதற்காக ஐம்பதையே பிடித்துத் தொங்குகிறார்கள்? அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மருந்தின் அளவைப் படுக்கையாகவும் வெற்றி சதவீதத்தை உயரமாகவும் வைத்து வரைந்தால் எஸ் எழுத்தைச் சாய்த்தது போல ஒரு கோடு வரும். நடுவில் அது செங்குத்தாக ஏறும், இரண்டு முனையிலும் படுத்துவிடும். செங்குத்தான இடத்தில் அளவைச் சற்று மாற்றினாலும் விளைவு சட்டென்று மாறும். ஆகவே அந்தப் புள்ளியைக் குறைந்த ஆட்களை வைத்தே உறுதியாகப் பிடிக்கலாம். 1927இல் டிரெவன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் விஷத்தன்மையை அளக்கும்போது இதைத்தான் சொன்னார். 1960களில் எட்மண்ட் ஈகர் குழுவினர் மயக்க வாயுக்களின் வீரியத்தை ஒப்பிட எம்.ஏ.சி. என்ற அளவுகோலை உருவாக்கியபோதும், கத்தி பட்டால் பாதிப் பேர் அசையாமல் இருக்கும் அடர்த்தி என்றுதான் வரையறுத்தார்கள். ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு ஒப்பிட, துணை மருந்து சேர்த்தால் தேவை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஐம்பது மிக நல்ல அளவுகோல். படுத்திருக்கும் ஒருவருக்கு எவ்வளவு ஏற்றுவது என்ற கேள்விக்கு அது விடை அல்ல, அவ்வளவுதான்.

மருத்துவருக்கு வேண்டியது ஈ.டி.95. இருபதில் பத்தொன்பது பேர் அடங்கும் அளவு. பல கட்டுரைகள் அதையும் கூடவே அச்சிடுகின்றன, இங்கேதான் எனக்கு உறுத்தல். ஏற்றி இறக்கும் முறையில் திரட்டிய தகவல் எல்லாம் ஐம்பதைச் சுற்றிக் குவிந்திருக்கும். எஸ் கோட்டின் மேல் முனையில் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். கோடு இந்த வடிவத்தில்தான் வளையும் என்று ஊகித்து, நடுவில் அளந்ததை மேல் முனைவரை நீட்டிச் சொல்வதுதான் அந்த 95. பிழை வரம்பையும் சேர்த்துப் படித்தால் அதன் இரண்டு முனைகளும் எட்ட எட்ட நிற்பது தெரியும்.

இதற்கு மாற்று உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த தந்திரம். தோற்றால் ஒரு படி ஏற்று, அது பழையபடிதான். ஜெயித்தால் உடனே இறக்காதே. சீட்டுக் குலுக்கிப் போடு. பத்தொன்பது சீட்டில் ஒன்றில் மட்டும் 'இறக்கு' என்று எழுதியிருக்கும், மற்ற பதினெட்டில் 'அதே அளவு'. இப்படிச் செய்தால் குமிழ் மெல்ல மெல்ல மேலே நகர்ந்து தொண்ணூற்றைந்தைச் சுற்றி ஆடத் தொடங்கும். சாய்ந்த நாணயத்தைச் சுண்டுவது போன்ற முறை என்பதால் அப்படியே பெயரும் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் அதிக ஆட்கள் தேவைப்படும். ஆனால் இருமிக்கொண்டு எழுபவர்கள் பாதிப் பேராக இருக்க மாட்டார்கள். இருபதில் ஒருவரை ஒட்டித்தான் வருவார்கள். பரிசோதனைக்கு உடன்பட்டவருக்கும் இது நல்லது, படிப்பவருக்கும் நேரடியாகப் பயன்படும் எண் கிடைக்கிறது.

இன்னொரு குறை இரண்டு முறைகளுக்கும் பொது. தோசை ஒட்டுகிறதா என்று மட்டும் பார்த்துத் தீயை ஏற்றி இறக்குகிறோம். தோசை கருகுகிறதா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. தொண்டை அடங்கியது, வெற்றி. அடுத்த மூன்று நிமிடத்தில் பிரஷர் 120இலிருந்து 75க்கு இறங்கினால் அதுவும் இந்த ஏட்டில் வெற்றிதான். நல்ல ஆய்வாளர்கள் பிரஷரையும் இதயத் துடிப்பையும் தனி அட்டவணையில் தருகிறார்கள். ஆனால் முப்பது பேரை வைத்து எத்தனை பேருக்குப் பிரஷர் சரியும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

வெற்றி என்பதற்கே ஆளுக்கொரு வரையறை இருக்கிறது. விரல் அசைந்தால் தோல்வியா? ஒரு இருமல் பரவாயில்லையா? வாய் திறந்தது, ஆனால் மாஸ்க் உள்ளே போனதும் விழுங்கினார், அது என்ன கணக்கு? அதைவிடப் பெரிய வித்தியாசம் நேரத்தில் வரும். புரோபோஃபால் ஒரே ஊசியாக ஏறினால் மூளையில் அதன் வேலை உச்சத்தை எட்ட ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அப்புறம் ரத்தத்திலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் பிரிந்து போய்விடுவதால், வேறு மருந்து தொடராவிட்டால் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் ஆள் விழித்துவிடுவார். முப்பதாவது நொடியில் மாஸ்க்கை எடுக்கும் அவசரக்காரருக்கு அதிக மருந்து தேவைப்படும். தொண்ணூறாவது நொடிவரை பொறுப்பவருக்குக் குறைவாகவே போதும். மருந்து ஒன்று, நோயாளி ஒருவர், கடிகாரம் மட்டும் வேறு. எத்தனை வேகமாக ஏற்றுகிறோம் என்பதும் அப்படித்தான்: நிதானமாகச் செலுத்தினால் பல நேரங்களில் மொத்த அளவு குறைகிறது. ஆகவே இரண்டு ஆய்வுகளின் எண்கள் முரண்பட்டால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. எத்தனையாவது நொடியில் வைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆள் மாறினால் அளவு மாறும் என்பது எல்லோரும் அறிந்ததுதான். வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 போதும், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2.5 முதல் 3.5 வரை. கைக்குழந்தையைப் போலப் பிஞ்சாக இருப்பவருக்குத்தான் குறைவாகத் தேவை என்று நினைத்தால் தப்பு. முதியவரிடம் இன்னொரு பொறி உண்டு. அவருடைய இதயம் ரத்தத்தை மெதுவாகத்தான் தள்ளுகிறது, ஆகவே கையில் ஏறிய மருந்து மூளைக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். "என்ன, இன்னும் தூங்கவில்லையே" என்று பொறுமையிழந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினால், முதல் தவணையும் இரண்டாம் தவணையும் ஒன்றாகப் போய்ச் சேரும். பயந்து நடுங்கிக்கொண்டு படுத்திருக்கும் இளைஞரிடம் இதற்கு நேர்மாறு: இதயம் குதிரைபோல ஓடுவதால் மருந்து சீக்கிரம் வந்து சீக்கிரமே கரைந்தும் போகும்.

உடல் பருமனில் கணக்கு நிறையவே விலகும். 120 கிலோ எடை, 165 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று எடையோடு பெருக்கினால் 240. ஆனால் தூங்கவைக்கும் முதல் ஊசியில் கொழுப்புக்குப் பெரிய பங்கில்லை. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. கொழுப்பு நீங்கிய உடல் எடையைச் சூத்திரப்படி போட்டால் இவருக்குச் சுமார் 69 கிலோதான் வரும். அந்தக் கணக்கில் 138 மில்லிகிராம். நூறு மில்லிகிராம் வித்தியாசம் என்பது இன்னொரு ஆளைத் தூங்கவைக்கும் அளவு.

துணை மருந்துகளிடம் வந்தால் கதை சுவாரசியமாகிறது. ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை வலிமருந்து ஒன்றைக் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் கணக்கில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் புரோபோஃபாலின் தேவை குறைகிறது. இதில் கவனிக்க வேண்டியது, கண்ணை மூடவைக்கும் அளவு கொஞ்சம்தான் குறையும்; தொண்டையை அடக்கும் அளவுதான் நன்றாகக் குறையும். வலி, இருமல் பற்றிய செய்தியை ஓபியாய்டு வழியிலேயே மடக்கிவிடுகிறது, தூக்கத்தைப் பற்றி அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. நாம் ஆரம்பத்தில் பார்த்த இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள தூரமே இதனால் சுருங்குகிறது. ஆனால் ஃபென்டனில் உச்சத்துக்கு வர மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் ஏற்றினால் மாஸ்க் வைக்கும் நேரத்தில் அது பாதி வழியில்தான் இருக்கும். மூச்சு நிற்கும் நேரமும் நீளும். மிடசோலம், நரம்பு வழி லிடோகெயின், டெக்ஸ்மெடிடோமிடின் என்று இந்த வரிசை நீளமானது. ஒவ்வொன்றுக்கும் அதே ஏற்றி இறக்கும் ஆய்வு, இன்னொரு ஈ.டி.50. சீனாவில் 2020இல் அனுமதி பெற்ற சிப்ரோஃபால், அதே வருடம் ஜப்பானில் வந்த ரெமிமசோலம் போன்ற புது மருந்துகளும் இந்த வாசலைக் கடந்துதான் வர வேண்டியிருக்கிறது. சிப்ரோஃபாலில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், புரோபோஃபாலில் 2 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இவ்வளவு தலைவலி எதற்கு, தசையைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிட்டால் வாய் தானாகத் திறக்குமே என்று கேட்கலாம். திறக்கும். குரல்நாணும் இறுகாது. சிக்கல் என்னவென்றால், அப்புறம் அந்த உடல் எதையும் சொல்லாது. மருந்து குறைந்து நோயாளி உள்ளே விழித்துக்கொண்டிருந்தாலும் வெளியே ஒரு விரல்கூட அசையாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2014இல் வெளியிட்ட தேசியத் தணிக்கை, மயக்கத்தின் நடுவே விழித்திருந்ததாகத் தாங்களாகவே வந்து சொன்னவர்களைக் கணக்கெடுத்தது. தசைத்தளர்த்தி கொடுத்தவர்களில் சுமார் 8,200 பேருக்கு ஒருவர்; கொடுக்காதவர்களில் சுமார் 1,36,000 பேருக்கு ஒருவர். அந்த அனுபவங்களில் மூன்றில் இரண்டு பங்கு தூங்கவைக்கும்போதும் எழுப்பும்போதும் நடந்தவை. எல்.எம்.ஏ.வின் பெரிய வசதியே தசைத்தளர்த்தி இல்லாமல் வைக்க முடிவதுதான். நோயாளி இருமுவது எரிச்சலான விஷயம், ஆனால் அது உண்மையைச் சொல்லும் இருமல்.

நெற்றியில் பட்டை ஒட்டி மூளை மின்னலைகளைப் படிக்கும் பி.ஐ.எஸ். கருவி இருக்கிறதே, அதைப் பார்த்து முடிவெடுக்கலாமே? அது ஒட்டுக் கேட்பது பெரும்பாலும் மூளையின் மேல் அடுக்கை. நம் காவல்காரன் இருப்பதோ மூளைத்தண்டில். மேல்மாடியில் விளக்கு அணைந்ததை வைத்து வாசலில் வாட்ச்மேன் தூங்கிவிட்டாரா என்று ஊகிப்பது மாதிரிதான். இமை மயிரைத் தொட்டால் சிமிட்டுகிறாரா என்ற பழைய சோதனையும் சீக்கிரமே ஓய்ந்துவிடும். அப்போது தொண்டை இன்னும் விழிப்பு. அனுபவம் உள்ளவர்கள் நம்புவது தாடையை. இரண்டு கை விரல்களையும் காதுக்குக் கீழே தாடை எலும்பின் மூலையில் வைத்து முன்னோக்கித் தூக்குவார்கள். நல்ல வலி தரும் காரியம் அது. அதற்கும் முகம் சுளிக்காமல், கை நகராமல் தாடை தொங்கிக் கொடுத்தால் மாஸ்க்கை எடுக்கலாம். எதிர்ப்பு இருந்தால் இன்னும் இரண்டு மூன்று மில்லி ஏற்றிவிட்டு அரை நிமிடம் பொறுக்கலாம். கணினியில் வயது, எடை போன்ற விவரங்களைக் கொடுத்து ரத்தத்தில் இப்போது மருந்து எவ்வளவு என்று ஊகித்துச் செலுத்தும் பம்புகள் 1996 முதல் சந்தையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்களும் கடைசியில் தாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார்கள்.

ஆய்வுக் கட்டுரை தரும் எண் எதற்குப் பயன் என்றால், சிரிஞ்சில் எவ்வளவு நிரப்பிக்கொண்டு ஆரம்பிப்பது என்பதற்கு. மிச்சத்தைத் தாடை சொல்லும்.

ஒரு விஷயம் மட்டும் எந்தச் சூத்திரத்திலும் இல்லை, நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. தொடர்ந்து கஞ்சா பழக்கம் உள்ளவர்களுக்கு எல்.எம்.ஏ. வைக்க வழக்கத்தைவிடக் கணிசமாக அதிக புரோபோஃபால் தேவைப்பட்டது என்று 2009இல் ஒரு ஆய்வு வந்தது. நாள்பட்ட குடிப்பழக்கத்துக்கும் மருந்தின் அளவைக் கூட்டும் குணம் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருத்துவர் வந்து பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா, முன்பு மயக்கம் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே வந்து, "வேறு ஏதாவது பழக்கம்?" என்று இழுப்பார். கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் மாமனார். இருபத்தாறு வயதுப் பையன் என்ன பதில் சொல்வான்? "அதெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டர்." அதனால்தான் சில மருத்துவர்கள் உறவினர்களை மாத்திரை வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்கிறார்கள்.